தாலி இழுத்த ஞாயிற்றுக்கிழமை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து, பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏறுவதுபோல, ஒவ்வொரு வரியிலும் வலப்பக்கம் மேலே போய்க்கொண்டே இருக்கும். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ர வர வேண்டிய இடத்தில் பெரிய ற வந்திருக்கும். ‘கயிறு’ என்ற ஒரு சொல்லையே இந்தத் தாள்களில் எத்தனை விதமாக எழுதியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. ஒன்றுகூடல் மலரை அச்சடிக்கப் போகிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். ‘தாலி’யை மட்டும் திருத்தாதீர்கள். அது பிழை இல்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

மேடையில் பேசச் சொன்னீர்கள். என்னைத் தெரியாதா உங்களுக்கு? பள்ளிக்கூடத்தில் என் பெயரைக் கூப்பிட்டால் பக்கத்தில் இருந்தவன்தான் எனக்கும் சேர்த்து “உள்ளேன் ஐயா” என்பான். அதனால்தான் எழுதித் தருகிறேன். நாம் எல்லாரும் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அக்காதான் வந்தாள். வேறு எதைத் தொட்டாலும் சுற்றிச் சுற்றி அவளே வந்து நின்றாள். சரி, அவளையே எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்த சில நாளில் அம்மா போய்விட்டாள். அக்காவுக்கு அப்போது பத்து வயது. அதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். கைலியில் தொட்டில் கட்டி, அதிலிருந்து ஒரு கயிற்றைத் தன் கால் பெருவிரலில் முடிந்துகொண்டு, கால் ஆட்டிக்கொண்டே வெங்காயம் உரிப்பாளாம். நான் அழுதால் கால் வேகமாகும், தூங்கினால் மெதுவாகும். இதைச் சொல்லிவிட்டு, “நீ தூங்குனதே இல்லடா, எனக்குத்தான் காலு வளந்துச்சு” என்பாள். உண்மையாகவே அவள் பாதம் பெரியது. கடையில் பெண்கள் செருப்பு அவளுக்குச் சேராது.

பதினெட்டு வயதில் அவளைக் காம்பாருக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக்கொடுத்தார்கள். வருடம் திரும்பவில்லை. புயல் அடித்த ஒரு நாள் பால்மரக் கிளை முறிந்து அவள் புருஷன் மேல் விழுந்தது. ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தாள். லயத்தில் வரிசை வீடு அத்தனையும் வாசலில் நின்று அழுதது. எனக்கு மட்டும் அக்கா வந்துவிட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் என்ன தெரியும்?

அப்பா அன்றிலிருந்து அவளோடு நேராகப் பேசவில்லை. அதற்கு முன்பு வாய் நிறைய “பாப்பா, பாப்பா” என்பவர். இப்போது ஒரே வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னிடம், “சோறு போடச் சொல்லு” என்பார். கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மாப்பிள்ளையைப் பார்த்து முடித்தவர் அவர்தான். அவளை நிமிர்ந்து பார்க்க அவருக்கு முகம் இல்லை. எனக்கும் ஒரு மகள் வளர்ந்து நின்றபோதுதான் இது விளங்கியது.

அக்கா முப்பது நாள் மூலையில் உட்காரவில்லை. கத்தியைத் தீட்டிக்கொண்டு பால் எடுக்க மரம் வெட்டப் போனாள். தோளில் வைத்த காண்டாக் கட்டையின் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, மேட்டிலிருந்து அவள் இறங்குவதை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். ஆண்களுக்கே பால் தளும்பும். அவள் வாளியில் ஈ விழுந்தால் அசையாமல் கிடக்கும். வீட்டுக்கு வந்து நம்மோடு சேர்ந்து பல்லாங்குழி ஆடுவாள், ஏமாற்றுவாள், சத்தமாகச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புத்தான் லயத்தில் பலருக்குப் பொறுக்கவில்லை.

“தாலி அறுத்தவளுக்கு என்னா சிரிப்பு?” என்று பைப்படியில் யாராவது சொன்னால் அது மாலைக்குள் அப்பா காதுக்கு வந்துவிடும். ஒரு நாள் காலை அப்பா சவரம் செய்துகொண்டே, கண்ணாடியைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்: “ஞாயித்துக்கிழம பெரியப்பா பாரிட் புந்தார்லேருந்து வாராரு. அங்க நெல்லு மில்லுக்காரங்க வீட்டுல சமையலுக்கு ஆளு வேணுமாம். அங்கேயே தங்கிக்கலாம். பெட்டிய எடுத்து வைக்கச் சொல்லு.”

அக்கா அடுப்படியில்தான் இருந்தாள். ஊதுகுழல் நின்றது. பிறகு மறுபடி ஊதினாள்.

நான் வாய் திறக்கவில்லை. எனக்கு எப்போதும் வாய் திறக்காது. பாரிட் புந்தார் எவ்வளவு தூரம் என்று பள்ளிப் புத்தகத்து வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு விரல் தூரம்தான் இருந்தது. அதிலேயே எனக்கு அழுகை வந்தது.

அந்த வாரம்தான் அந்த அறிவிப்பு.

பள்ளி விடுமுறை. கோப்பையில் உறைந்த கட்டிப்பால் பொறுக்க நானும் அக்காவோடு விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போயிருந்தேன். வழக்கமாக அறிவிப்புகளை, ஆபீஸ் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி வாசிப்பார். அன்று அவருக்குக் காய்ச்சல். ஆபீசிலிருந்து வந்த மலாய்த் தாள், எங்களை வேலை வாங்கும் மண்டோர் கைக்குப் போனது. மண்டோருக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். லாந்தரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“தோட்டங்களுக்குள்ள வெளையாட்டுப் போட்டி. ஞாயித்துக்கெழம. ஆம்பளைங்க பந்து. பொம்பளைங்க… தா… ரிக்… தாரிக்னா இழுக்கிறது. தாரிக்… தா… லி.” நிறுத்தினார். லாந்தரை இன்னும் கிட்டே கொண்டுபோனார். “தாலி. பொம்பளைங்க எட்டுப் பேரு தாலி இழுக்கணும்.”

பெண்கள் எல்லாருடைய கையும் கழுத்துக்குப் போய்விட்டது.

“யாரு தாலிய யாரு இழுக்கிறது?” என்றாள் ஒருத்தி.

“பேப்பர்ல அப்படித்தான் போட்டிருக்கு.”

“தொர பொண்டாட்டியும் இழுப்பாங்களா, கேட்டுச் சொல்லுங்க!”

“அவங்களுக்குத் தாலி ஏது, மோதரந்தான். வெரலப் புடிச்சு இழுக்கச் சொல்லு!”

சிரிப்பு ஒரு பக்கம், திட்டு ஒரு பக்கம். மண்டோருடைய சொந்தப் பெண்டாட்டியே, “என் தாலில கைய வச்சுப் பாரு, ஒன் கைய ஒடிக்கிறேன்” என்றாள். உங்களுக்கு அந்த அம்மாவை நினைவிருக்கும். தண்ணீர் டாங்கி மாதிரி உடம்பு, கொட்டாய் முழுதும் கேட்கிற குரல்.

பின்வரிசையிலிருந்து அக்கா சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள். “அலாமாக், மண்டோரே! மலாய்க்காரங்க தாலின்னா கயிறு லா. கயிறு இழுக்கிற போட்டி!”

கடைத்தெருவுக்குப் போய்வரும் ஆண்களுக்கு இது தெரியாததா? தெரியும். ஆனால் ‘பொம்பளைங்க’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அதை வாசித்ததும் எல்லாருக்கும் புத்தி நம் தாலிக்குத்தான் போனது. சரியென்று விளங்கிய பிறகும் யாரும் பெயர் கொடுக்கவில்லை. கயிறாகவே இருந்தாலும் பேர் அப்படி இருக்கிறதே. இழுத்துத் தோற்றால்? கயிறு கையை விட்டுப் போனால்? மறுநாள் மூன்று வீட்டில் புருஷன்மாருக்குத் தலைவலி. போட்டியின் பெயரைச் சொன்னதால்தான் என்றார்கள். அதற்கு முன்தினம் கள்ளுக்கடை திறந்திருந்ததை யாரும் பேசவில்லை.

அன்று மாலை பைப்படியில் அக்கா வாளியைக் கீழே வைத்தாள். நான் துணி பிழிந்துகொண்டிருந்தேன்.

“யக்கா, எட்டுப் பேருல ஒருத்தி நான்” என்றாள் மண்டோர் பெண்டாட்டியைப் பார்த்து.

“நீ எப்படிடி இதுக்கெல்லாம் முன்னால வர்றது?” என்றார் அவர், கொஞ்சம் மெதுவாக.

“முன்னால யாரு வந்தா? கடைசில நிக்கிறேன். கயிறு இழுக்கிறதுல கடைசி ஆளு மேலதான் கயிற சுத்தி விடுவாங்க. காம்பார்ல பாத்திருக்கேன். எது வந்தாலும் மொதல்ல என்கிட்ட வரட்டும். ஒங்களுக்கெல்லாம் தாலி இருக்கு, பயம் இருக்கு. எனக்கு ரெண்டும் இல்ல லா.”

மண்டோர் பெண்டாட்டி அவளையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்க ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், வாளியில் இருந்த தண்ணீர் ஆடியது. “அடியே, இவ பேசுறத பாத்தியா! சரி, முன்னால நான் நிக்கிறேன். எவ வர்றீங்க?”

அவரோடு சேர்த்து ஏழு பேர் வந்தார்கள். உங்கள் அம்மாக்கள்தான் அந்த ஏழு பேர். வீட்டில் படம் இருந்தால் இதை எழுதிய தாளை அதன்முன் ஒரு நிமிடம் வையுங்கள்.

பயிற்சிக்கு லாரிக்காரரிடம் பழைய மணிலாக் கயிறு வாங்கினார்கள். ரப்பர் ஷீட்டுப் புகையும் டீசலும் கலந்த வாசம் அதில். கையில் தும்பு ஏறும். லயத்துப் பின்னால், பழைய மாட்டுக் கொட்டகை இருந்த மைதானம். எதிர் அணி யார்? நாம்தான்! நினைவு வருகிறதா? லயத்துப் பிள்ளைகள் மொத்தமும் ஒரு பக்கம், எட்டுப் பெண்கள் மறுபக்கம். அவர்கள் ஒரு இழுப்பு இழுத்தால் நாம் புல்லோடு புல்லாகப் போவோம். என் சட்டையில் பொத்தான் மிஞ்சவில்லை. யாருடைய ஜப்பான் செருப்போ ஒன்று சேற்றில் போனது, கிடைக்கவே இல்லை. நான்கு நாள் லயத்தில் சண்டை இல்லை, சினிமாக் கதை இல்லை. எல்லார் வாயிலும் கயிறுதான். ஆண்கள் வேலியில் சாய்ந்து நின்று கேலி செய்தார்கள். “மெதுவா மெதுவா, ஈப்போ ரயிலு இந்தப் பக்கம் வந்திரப் போவுது!”

“ஒங்க கால்சட்டைய குடுத்தா ரயிலையும் இழுப்போம்” என்றார் மண்டோர் பெண்டாட்டி. அது வெறும் பேச்சு இல்லை. கைலியோடு இழுத்தால் கால் தடுக்குகிறது. கடைசியில் ஒவ்வொருத்தியும் புருஷனுடைய கால்சட்டையைக் கேட்டு வாங்கினாள், சிலர் கேட்காமலே எடுத்தார்கள்.

அக்காவுக்குப் புருஷன் இல்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. “கைலிய மடிச்சுக் கட்டிக்கிறேன்” என்றாள். தகரப் பெட்டி அப்போதே வாசலுக்குப் பக்கத்தில், மேலே ஒரு துணி மூட்டையோடு தயாராக இருந்தது. ஞாயிறு காலை போட்டி, மாலை பெரியப்பா.

ஞாயிறு காலையில் நான் முகம் கழுவப் போனபோது வாசல் கொடியில் அப்பாவுடைய காக்கிக் கால்சட்டை தொங்கியது. அப்பாவுக்கு நல்லது என்று அது ஒன்றுதான். துவைத்து, இன்னும் ஓரம் ஈரமாக இருந்தது. அப்பா வெற்றிலை மென்றுகொண்டு வேறெங்கோ பார்த்தார். “காஞ்சிருச்சான்னு பாக்கச் சொல்லு” என்றார் என்னிடம்.

அக்கா அதை எடுத்துப் போட்டுக்கொண்டாள். இடுப்பு நிற்கவில்லை. பயிற்சிக் கயிற்றில் பிரிந்து வந்த ஒரு துண்டால் இறுக்கிக் கட்டினாள். “எப்படிடா இருக்கேன்?” என்றாள். போலீஸ்காரர் மாதிரி இருந்தாள். நான் சல்யூட் அடித்தேன்.

திடலுக்கு லாரியில் நின்றுகொண்டே போனோம். முந்தின நாள் பெய்த மழையில் மண் ஊறியிருந்தது. நம் பெண்கள் முதல் இரண்டு தோட்டத்தை எப்படியோ இழுத்துப் போட்டார்கள். இறுதிப் போட்டியில் எதிரே லகாட் பக்கத்துத் தோட்டம். எட்டுப் பேருக்கும் வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து! நம்முடையவர்கள் வெறுங்கால். தலையில் துண்டு, மேலே புருஷன் சட்டை.

ஊதல் வைத்திருந்த மலாய்க்காரர் நடுவில் நின்று உரக்கக் கூவினார். “அங்காட் தாலி!”

கயிற்றை எடு என்று அர்த்தம். நான் அன்று பார்த்ததை எந்தக் காலத்திலும் மறக்க மாட்டேன். நம் ஏழு பெண்களுடைய கையும், வாரம் முழுதும் கயிறு கயிறு என்று பழகிய அந்தக் கை, ஒரே நேரத்தில் கழுத்துக்குப் போனது! அக்காவுடைய கை மட்டும் கயிற்றில் இருந்தது. ஊதல் ஊதியபோது எதிரே எட்டுப் பேர், இந்தப் பக்கம் என் அக்கா ஒருத்தி. கயிறு அவளைத் தூக்கி முட்டிபோட வைத்தது. மூன்று ஆட்டத்தில் முதல் ஆட்டம் போய்விட்டது. கூட்டம் சிரித்தது. மண்டோர் பெண்டாட்டி திரும்பி, “இனிமே எவளாச்சும் கழுத்துல கைய வச்சீங்க, கடிச்சிருவேன்!” என்று கத்தினார்.

இரண்டாவது ஆட்டம் நமக்கு. எப்படி என்று கேட்காதீர்கள், நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது. கயிறு அசையவில்லை. அக்காவின் தோளைச் சுற்றி, கக்கத்துக்குக் கீழே வந்து, பின்னால் வால் மாதிரி கிடந்தது. கழுத்து நரம்பு தெரிந்தது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, நடுவில் கட்டிய சிவப்புத் துணி அந்தப் பக்கம் நகர ஆரம்பித்தது. அக்கா கால் விரல்களால் மண்ணைப் பற்றிக்கொண்டிருந்தாள். ஈர மண் வழுக்கியது. ஒரு அடி போனாள். இன்னொரு அடி. எனக்குத் தோன்றியது கோப்பை இல்லை, பரிசு இல்லை. அவள் அப்படியே பாரிட் புந்தாருக்கு இழுபட்டுப் போகிறாள் என்றுதான் தோன்றியது. கத்த வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை.

சத்தம் என் பின்னாலிருந்து வந்தது.

“பாப்பா!”

அப்பா வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். “பாப்பா! மேட்டுல பால் வாளி! குதிங்காலக் குத்து!”

மழைக்காலத்தில் இரண்டு வாளிப் பாலோடு சரிவில் இறங்கும்போது மரம் வெட்டுகிறவர்கள் விரலை ஊன்ற மாட்டார்கள். குதிங்காலைக் குத்தி, உடம்பைப் பின்னால் சாய்த்துத்தான் இறங்குவார்கள். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் அப்பாதான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெரிய பாதம் இரண்டும் மண்ணில் இறங்கியதைப் பார்த்தேன். முதலில் வலது, பிறகு இடது. பின்னால் சாய்ந்தாள், வானத்தைப் பார்க்கிற அளவுக்கு. முன்னால் இருந்த ஏழு பேருக்கும் அது கயிறு வழியாகப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொருத்தியாகக் குதிங்கால் குத்தினார்கள். எல்லாரும் மரம் வெட்டுகிறவர்கள்தானே! எதிர்ப்பக்கத்து வெள்ளைச் சப்பாத்துகள் சேற்றில் வழுக்கின. சிவப்புத் துணி நின்றது. திரும்பியது. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். நீங்களும்தானே உள்ளே ஓடினீர்கள். எட்டுப் பெண்களும் மல்லாக்க விழுந்து கிடந்தார்கள், யார் கால் யாருடையது என்று தெரியாமல், சிரித்துக்கொண்டு. நடுவே அக்காவின் சிரிப்பு. அன்று அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆளுக்கொரு தெர்மாஸ் கொடுத்தார்கள். சிவப்பு ரோஜாப் படம் போட்டது. அது பிறகு எந்த வீட்டு மாற்றத்தில் போனதோ.

வீடு திரும்பியபோது பெரியப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். வாடகைக் கார் ரோட்டில் நின்றது. சேறு அப்பிய கால்சட்டையோடு அக்காவைப் பார்த்ததும் அவர் எழுந்துவிட்டார். “என்னா கோலம் இது? குளிச்சிட்டுக் கெளம்பச் சொல்லு, இருட்டிரும்.”

அக்கா பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, காப்பி குடிங்க” என்றார் அப்பா. “அவ வரல.”

“நீதானடா வரச் சொன்ன?”

“சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்.” அப்பா என் தலையில் கை வைத்தார். “அவ கடைசி ஆளுண்ணே. கடைசி ஆளு கைய விட்டா முன்னால நிக்கிறவங்க எல்லாம் விழுந்திருவாங்க.” பிறகு, பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக, நேராக அவளைப் பார்த்துச் சொன்னார்: “பாப்பா, பெரியப்பாவுக்குக் காப்பி போடு. அந்தப் புது தெர்மாஸ்ல ஊத்து.”

பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியது நான்தான். காலால் உதைத்தேன், சுவர் வரை போனது.

மீதி உங்களுக்குத் தெரிந்ததுதான். எண்பதுகளில் தோட்டம் கைமாறி லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, ஈப்போவில் வாடகை அறை பார்த்தது அக்கா. தொழிற்சாலையில் இரண்டு ஷிப்ட் நின்று அப்பாவையும் என்னையும் காப்பாற்றியது அக்கா. எனக்கு லாரி அட்டெண்டன் வேலை வாங்கித் தரும்போது, முதலாளியிடம் எனக்காகப் பேசியதும் அவளேதான். நான் பின்னால் நின்று தலையாட்டினேன். முப்பது வயதைத் தாண்டி, பஸ் கண்டக்டராக இருந்த ஒரு நல்ல மனிதரைக் கட்டிக்கொண்டாள். கோயிலில் மேளம் கொட்டும்போது மண்டோர் பெண்டாட்டி, “இப்பத்தான்டி சரியான தாலி! இத எவளும் இழுக்காதீங்க!” என்று கூவியதில் ஐயரே சிரித்துவிட்டார். என் வேலை போனபோது, என் மனைவி பிரசவத்தில் கிடந்தபோது, அப்பாவைச் சுடுகாட்டுக்கு எடுத்தபோது, ஒவ்வொரு தடவையும் அவள் என் பக்கத்தில் வந்து சொல்வது ஒன்றுதான். “குதிங்காலக் குத்துடா தம்பி.” வேறு ஆறுதல் சொல்லத் தெரியாது அவளுக்கு. எனக்கு வேறு தேவைப்பட்டதும் இல்லை.

போன மாதம் அவளுக்கு முட்டியில் ஆபரேஷன். மறுநாளே நடக்க வைக்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்க உதவும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடம்பு வற்றிவிட்டது. பாதம் மட்டும் அதே பெரிய பாதம். ஒரு அடி வைத்தாள். நின்றுவிட்டாள். “முடியலடா” என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயில் நான் கேட்டதே இல்லை.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. எந்த மேடையிலும் வராத சத்தம் வந்தது.

“அக்கா! மேட்டுல பால் வாளி! குதிங்காலக் குத்து!”

வராந்தா முழுதும் திரும்பிப் பார்த்தது. ஒரு தாதி கையிலிருந்த தட்டையே போட்டுவிட்டாள். அக்கா என்னை அதிசயமாகப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள், பைப்படியில் பிடிக்காமல் போன அதே சிரிப்பு. “ஒனக்கு இவ்ளோ சத்தம் இருக்கா? அம்பது வருஷமா எங்கடா வச்சிருந்த?” என்றாள். குதிங்காலை ஊன்றினாள். நடந்தாள். வராந்தாக் கடைசி வரை போய்த் திரும்பி வந்தாள்.

ஒன்றுகூடலுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். மாலை போட வேண்டாம், பொன்னாடை வேண்டாம். நேற்று என்னிடம் கேட்டாள், “அங்க கயிறு இருக்குமாடா?” என்று. இழுக்க இல்லையாம், சும்மா பிடித்துப் பார்க்கவாம். நான் அவளை நம்பவில்லை. உங்களில் யாராவது ஒருவர் கயிறு கொண்டு வாருங்கள். நல்ல தடித்த கயிறாக. அவள் கடைசியில் நிற்பாள். அவளுக்கு முன்னால் நான் நிற்கிறேன். எதிரே எத்தனை பேர் வேண்டுமானாலும் வாருங்கள்.

ஈப்போ.
ஆகஸ்ட் பதினான்கு, ஆவணி பிறக்க மூன்று நாள் இருக்கையில்.